ஃபர்பிட்னா கூடாதுன்னு சொல்றது

டியூசன் எடுக்கதுக்குச் சட்டை எதுக்கு? அதுவும் தேச்ச சட்டை எதுக்கு? இத்தனை வருசமா இடுப்புல சாரமும் மேல பனியனுமா உட்கார்ந்து பத்தாங்கிளாஸ் பயலுவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்த மனுசனுக்கு, இப்பம் கொஞ்ச நாளா மட்டும் சாயங்காலம் ஆனா முகம் கழுவணும், தலையைப் படிய வாரணும், வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டணும். கேட்டா, "ஒரு பொம்பளப் பிள்ளை வருதுல்லா, பனியனோட இருந்தா நல்லாருக்காது" என்கிறார். நல்லாத்தான் இருக்காது, யாரு இல்லேன்னா? அந்தப் பனியனைக் கல்யாணமான நாள்லருந்து நான்தான பாக்கேன், எனக்கு நல்லாருக்கா இல்லையான்னு ஒரு நாளாவது கேட்டதுண்டா? உலகம்மாள் அடுக்களை வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, முறத்தில் கிடந்த சின்ன வெங்காயத்தில் ஒன்றை எடுத்து, தலையைக் கிள்ளி, தோலை உரித்துச் சட்டியில் போட்டாள். வடகத்துக்கு வெங்காயம். வெயில் சுள்ளுனு அடிக்கிற மாசம் இது, இப்பம் போட்டு எடுத்தாத்தான் உண்டு, சாரல் பிடிச்சிட்டா தென்காசியில வடகமாவது ஒண்ணாவது. வெங்காயம் உரிக்கதுல ஒரு வசதி இருக்கு. கண்ணுல தண்ணி வந்தா எதுக்குன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாவ. அடுக்களைக்கும் முன்ரூமுக்கும் நடுவே ஒரு துணித்திரைதான், அந்தப் பக்கம் மேஜை ஃபேன் ஓடுது, காத்து வர்ற போதெல்லாம் திரை விலகி அவர் முழங்கை தெரியுது, மேஜையோட மூலை தெரியுது, அந்தப் பிள்ளையோட பின்னல் தெரியுது. ஃபேனும் அங்கதான் போயிருக்கு. அடுக்களையில நான் அவிஞ்சு சாகேன், அங்க காத்து. மேலு வேர்த்தா சட்டையைக் கழத்த வேண்டியதுதான, அதுக்கு ஃபேன் எதுக்கு.

அந்தப் பிள்ளைக்குப் பேரு பெனிட்டா. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். அயர்லாந்துக்கு வேலைக்குப் போகணுமாம், அதுக்கு ஒரு இங்கிலீஷ் பரீட்சை இருக்காம், அதுல மார்க் வாங்கினாத்தான் ஏரோப்பிளேன்ல ஏத்துவாவளாம். ஆஸ்பத்திரியில யாரோ, "மேலத்தெருல சொரிமுத்து சார்னு ஒருத்தர் இருக்காரு, கல்லுக்கும் இங்கிலீஷ் ஏத்திருவாரு" என்று சொல்லியிருக்கிறார்கள். நல்லாச் சொன்னாவ. ஒரு நாள் வாசல்ல வந்து நின்னுது, நின்னதும் வாயைத் தொறந்து சொன்னது என்ன? "சார் இருக்காங்களா ஆன்ட்டி?" ஆன்ட்டியாம். அவிய சார், நான் ஆன்ட்டி. அவியளவிட நான் சின்னவ, தெரியுமா உனக்கு? சரி, அழகியா அவ? அதுவும் இல்ல. ஒடிச்சா ரெண்டா விழுவா, அப்படி ஒரு உடம்பு. ஆஸ்பத்திரி வாசனையும் பவுடர் வாசனையும் கலந்து வரும். அழகியா இருந்தாக்கூடத் தேவலை. ஆம்பளை பாப்பான், பாத்துட்டு அடுத்த சோலியைப் பாப்பான். இவ கேக்கா. அதுதான் பயமே. தாடையில கையை வச்சிக்கிட்டு, கண்ணைக் கொட்டாம, அவிய சொல்லுத ஒவ்வொரு சொல்லையும் கேக்கா. நான் கேட்டிருக்கேனா அப்படி? அவிய பேச ஆரம்பிச்சா எனக்குப் பால் பொங்கும், குக்கர் கத்தும், குழாயில தண்ணி வந்திரும். பாதிப் பேச்சுல "இந்தா வாரேன்"னு எந்திரிச்சுப் போயிருவேன். திரும்பி வந்து, "என்னமோ சொல்லிக்கிட்டு இருந்தியளே, என்ன அது?"ன்னா, "ஒண்ணுமில்ல, விடு" என்பார். எத்தனை ஒண்ணுமில்ல, எத்தனை விடு. அதெல்லாம் எங்க போயிருக்கும்? மனுசன் வயித்துக்குள்ளயேதான கிடந்திருக்கும். இப்பம் ஒருத்தி வந்து கன்னத்துல கையை வச்சு உட்கார்ந்ததும், மடை தொறந்த மாதிரில்லா வருது.

நேத்து குழாயடியில் பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே கேட்டாள், "ஏளா உலகு, சார் வீட்டுல சிரிப்புச் சத்தம் தெருவரைக்கும் கேக்கே, என்ன விசேசம்?" டியூசன் என்றாள் இவள். "டியூசனா? நம்ம படிக்கும்போது டியூசன்ல அழுத சத்தம்லா கேக்கும். நான் ஒண்ணும் சொல்லல தாயி, எனக்கு எதுக்கு ஊர் வம்பு? பஞ்சையும் நெருப்பையும் பக்கத்துல வச்சிருக்க, பாத்துக்கோ." சொல்லுததையெல்லாம் சொல்லிட்டு ஒண்ணும் சொல்லலைன்னு போயிட்டா மகராசி. அதுலருந்து உலகம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. இன்னைக்குக் காலையில முடிவு பண்ணியாச்சு. அந்தப் பிள்ளை போனதும் அவியளக் கூப்பிடணும், கையைப் பிடிச்சு எந்தலையில வைக்கணும், "நாளையிலருந்து அவ இந்த வாசப்படி ஏறக் கூடாது, எந்தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க"ன்னு கேட்டிரணும். அடுத்த வாரம் அதுக்குப் பரீட்சை. இப்பம் நிறுத்தினா அந்தப் பிள்ளை கதி? அது கதியை அது பாக்கட்டும், எங்கதியை யாரு பாப்பா? கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டாவ. முன்ன ஒரே ஒரு தடவை அப்படிக் கேட்டு வாங்கியிருக்கு, மறுபேச்சு பேசாம பண்ணிக் கொடுத்தாவ. அதுக்குப் பிறகு அந்த ஆயுதத்தை உலகம்மாள் எடுத்ததேயில்லை. சும்மா சும்மா எடுத்தா மழுங்கிப் போயிரும்னு சேத்து வச்சிருந்தா.

"ஃபர்பிட்" என்றார் சொரிமுத்து சார் திரைக்கு அந்தப் பக்கம். "ஃபர்பிட்" என்றாள் பெனிட்டா. "ஃபர்பிட், ஃபர்பேட், ஃபர்பிடன்." அவளும் சொன்னாள். பாட்டுப் படிக்காவ ரெண்டு பேரும். "இதுக்கு என்ன அர்த்தம்னா, கூடாதுன்னு சொல்றது. வேண்டாம்னு தடுக்கது. ஆனா பாரு, தடுக்கதுக்கு இங்கிலீஷ்ல மூணு சொல் இருக்கு. மூணும் ஒண்ணு கிடையாது. பஸ்ல போட்டிருப்பான், புகை பிடிக்கக் கூடாதுன்னு, அது ப்ரொஹிபிட். சட்டம் சொல்றது. கவர்மென்ட் பிளாஸ்டிக் பையை நிறுத்துச்சுல்லா, அது பேன். ஊருக்கே சேத்துச் சொல்றது. ஃபர்பிட் அப்படி இல்ல. அது ஆளுக்கு ஆள் சொல்றது. அம்மா பிள்ளைகிட்டச் சொல்லுவா. டாக்டர் நோயாளிகிட்டச் சொல்லுவாரு. சட்டத்தை மீறினா அபராதம் கட்டிட்டுப் போயிரலாம். இதை மீறினா..." கொஞ்சம் நிறுத்தினார். "இதை மீறினா அந்த ஆளு மூஞ்சியில முழிக்கணும்லா." அந்தப் பிள்ளை சிரித்தது. அவரும் சிரித்தார். பல்லு தெரியச் சிரிக்காவ. எங்கிட்டச் சிரிச்சா உதட்டோட சரி.

கூடாதுக்குப் போயி இங்கிலீஷ்காரன்ட்ட சொல் வாங்கணுமா? உலகம்மாளுக்கு ஆத்திரமாக வந்தது. நம்மகிட்ட இல்லாத கூடாதா? விளக்கு வச்ச பிறகு வீடு கூட்டக் கூடாது. வெள்ளிக்கிழமை நகம் வெட்டக் கூடாது. அந்திக்கு மேல உப்பு, ஊசி, தயிர் ஒருத்தருக்கும் கொடுக்கக் கூடாது. நெலப்படியில நின்னுக்கிட்டு ஒண்ணையும் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. வெளிய கிளம்புத ஆளைப் பாத்து எங்க போறியன்னு கேக்கக் கூடாது, போற காரியம் விளங்காது. அதுனாலதான எதையும் கேக்க முடியாமக் கிடக்கேன். அவிய செருப்பை மாட்டிட்டு "வந்திருதேன்"னு தெருவுல இறங்கினா, எங்கன்னு கேக்க நாக்கு துடிக்கும், ஆனா கேட்டா போற வழியில என்னமும் ஆயிருமோன்னு பயம். போயிட்டு வந்த பிறகு கேட்டா, "ஒண்ணுமில்ல, சும்மாதான்." அந்தப் பிள்ளை இப்படியா? முதல் நாளே, "சார், நீங்க எங்கெல்லாம் போயிருக்கீங்க?"ன்னு கேட்டுது. என்ன தைரியம்! அவியளும் கோவப்படாம, "நான் எங்கயும் போனதில்லம்மா, தமிழ்நாட்டைத் தாண்டினதில்ல" என்று சொல்லிச் சிரிச்சாவ. அயர்லாந்து எங்க இருக்கு, அங்க வெயில் எப்பம் வரும், மழை எப்படிப் பெய்யும், எல்லாத்தையும் அதுக்குச் சொல்லிக் கொடுக்கதே இவியதான். போகாத ஊருக்கு வழி சொல்லுததுல எப்படி ஒரு சந்தோசம் மூஞ்சியில! பழைய அட்லஸ் ஒண்ணு பரண்ல கிடந்தது, ஏணி போட்டு ஏறி இறக்கினாவ அதுக்காக. எனக்கு மாவரைக்கிற கல்லை நகத்தித் தாங்கன்னா இடுப்பு வலிக்கும். பரண்ல ஏற வலிக்காது.

"இப்பம் நீ ஒரு வாக்கியம் சொல்லு." "மை மதர் ஃபர்பேட் மீ டு ரைடு ஸ்கூட்டர்" என்றாள் பெனிட்டா. "எ ஸ்கூட்டர்" என்று திருத்தினார். "மத்தபடி ரொம்பச் சரி. ஃபர்பிட்டுக்குப் பின்னால டு வரும், ப்ரொஹிபிட்டுக்குத்தான் ஃப்ரம். நிஜமாவே அம்மா வேண்டாம்னு சொன்னாங்களா?" "ஆமா சார், எங்கண்ணன் விழுந்துட்டான்லா, அதுலருந்து." "அடுத்தது?" "டாக்டர் ஃபர்பேட் த பேஷன்ட் டு ஈட் சால்ட்." "பலே" என்றார். பலேயாமே. உப்பு சேக்கக் கூடாதுன்னு அவியளுக்குந்தான் டாக்டர் சொன்னாரு. அந்த உப்பில்லாத குழம்பை அவிய தின்ன முடியாமத் தின்னதும், அவிய மட்டும் எப்படித் தின்பாவன்னு நானும் அதையே தின்னு நாக்கு செத்துப் போனதும் எந்த வாக்கியத்துல வரும்? எனக்கு யாரு பலே சொன்னா? "இன்னொண்ணு சார். சினிமாவுல சொல்லுவாங்கல்ல, காட் ஃபர்பிட்னு. அது என்ன?" "ஓ, அதுவா. அது வாக்கியம் இல்ல, பதறுதது. நினைக்கவே கூடாத ஒண்ணை யாராவது சொன்னா, கடவுளே, அப்படி ஆகாம இருக்கட்டும்னு நாம மார்ல கை வைக்கோம்லா, அதான். மனசு அடிச்சிக்கிடும்போது வர்ற சொல்." அதைச் சொல்லும்போது அவர் தன் நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். திரை விலகி மூடியது. உலகம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். மோதிரவிரலில் சாக்பீஸ் வெள்ளை. அதைத் தெனமும் சோத்துக்கு முன்ன கழுவச் சொல்லி நான்தான கத்துதேன், அந்தக் கை என் கை, அங்க என்ன காட்டிக்கிட்டு நிக்கி.

அப்போதுதான் அந்தப் பிள்ளை கேட்டது, "சார், டாக்டர் பண்ணலாம், அம்மா பண்ணலாம், சரி. வைஃப் ஹஸ்பண்டை ஃபர்பிட் பண்ணலாமா?" கேட்டுவிட்டு அதுவே சிரித்தது. உலகம்மாளின் கையில் பாதி உரித்த வெங்காயம் அப்படியே நின்றது. கேக்கா பாரு கேள்வி. ஆழம் பாக்கா. பொண்டாட்டிக்கு இந்த வீட்டுல என்ன மவுசுன்னு தெரிஞ்சிக்கிடணும் அவளுக்கு. சொல்லுங்க, என்ன சொல்லப் போறிய? "அவ பேச்சை இங்க யாரு கேக்கா"ன்னு சொல்லிச் சிரிங்க, ஆம்பளைவொ எல்லாரும் அதத்தான சொல்லுவாவ. சொன்னா நான் இந்தச் சட்டியோட உள்ள வந்து அந்த அட்லஸ் மேலயே கொட்டுவேன். ஃபேன் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது. பிறகு அவர், பாடம் சொல்லுத குரலில் இல்லாமல், மெதுவாகச் சொன்னார்: "மை வைஃப் ஃபர்பேட் மீ டு கிராஸ் த ஸீ."

வைஃபு தெரியும் உலகம்மாளுக்கு. மீ தெரியும். ஸீன்னா கடல், மகன் ஒண்ணாங்கிளாஸ்ல படிச்சதை அவள்தான் உருப்போட வச்சா. நடுவில் இருந்த கிராஸும் ஒண்ணும் தெரியாத சொல்லில்லை, ரயில்வே கிராஸிங் இல்லையா தெருக்கோடியில். எல்லாம் சேர்ந்து வந்து நெஞ்சில் முட்டியது. "எக்ஸாம்பிளுக்குச் சொல்றீங்களா, நிஜமாவா சார்?" "நிஜம்தான். கல்யாணமான புதுசுல மாலத்தீவுல வாத்தியார் வேலை கிடைச்சுது. ஆர்டர் வந்துட்டு. அவ வேண்டாம்னுட்டா." அடப்பாவி மனுசா, இதைப் போயி எதுக்கு இவகிட்ட? உலகம்மாளுக்கு அந்தக் காலை அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. தலைக்குக் குளிச்சுட்டு ஈரத்தலையோட நின்னா அவ. வயித்துல மகன். அடுத்த தெரு செண்பகத்துக்குப் புருசன் துபாய் போயி, பணம் நின்னு, கடுதாசி நின்னு, கடைசியில அவனுக்கு அங்க ஒரு குடும்பம் இருக்குன்னு சேதி வந்த நேரம். இவியளுக்கு மாலத்தீவுன்ன உடனே முகத்துல என்ன ஒரு வெளிச்சம்! ஊரைச் சுத்தித் தண்ணியாம், தண்ணி பச்சையா இருக்குமாம், பள்ளிக்கூடத்து ஜன்னல்லருந்து கடல் தெரியுமாம். அந்த வெளிச்சத்தைப் பாத்துதான் பயந்தா. அவ கழுத்துல தாலி கட்டும்போதுகூட அப்படி ஒரு வெளிச்சம் அந்த மூஞ்சியில இல்ல. அந்தக் கையை இழுத்து ஈரத்தலையில வச்சு, "கடல் தாண்டிப் போகக் கூடாது. எந்தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க. மீறினா எந்தலை வெடிச்சிரும்" என்றாள். சின்ன வயசு, வாயில வந்ததைச் சொன்னா. அவர் ஒரு நிமிசம் அவளைப் பார்த்தார். "சரி" என்றார். அவ்வளவுதான். ஆர்டரை மடிச்சு எங்கயோ வச்சார், மறுநாள் பள்ளிக்கூடம் போனார். அந்தப் பேச்சு அதோட முடிஞ்சுது. முடிஞ்சுதுன்னுதான் அவ நினைச்சா.

"பிறகு போகவே இல்லியா சார்? இப்ப நினைச்சா டூராவது போகலாமே." "எப்படிப் போவேன்? சத்தியம்லா. ஒரு தடவை கன்னியாகுமரிக்குப் போயிருந்தோம். எல்லாரும் பாறைக்குப் படகுல போறாங்க. அதுவும் கடல்தான? எனக்குப் படகு ஒத்துக்கிடாது, தலை சுத்தும்னு சொல்லிட்டு எல்லார் செருப்பையும் காவல் காத்துக்கிட்டு கரையில இருந்தேன்." உலகம்மாளின் கையிலிருந்து வெங்காயம் நழுவியது. தலை சுத்தலையா அது? தங்கச்சி குடும்பத்தோட போன டூர். தங்கச்சி மாப்பிள்ளை படகுல நின்னுக்கிட்டு, "என்ன அண்ணாச்சி, கடலைப் பாத்தா பயமா?"ன்னு கத்துனாரு. படகே சிரிச்சுது. இவளும் சிரிச்சா. மகனைத் தூக்கிக் காட்டி, "உங்கப்பா பயந்தாங்கொள்ளிடா"ன்னு சொல்லி, அங்கருந்து கையை ஆட்டினா. கரையில செருப்புக் குவியலுக்கு நடுவுல உட்கார்ந்து அவியளும் கையை ஆட்டினாவ. அந்தக் கதையை எத்தனை கல்யாண வீட்டுல சொல்லியிருப்பா, எத்தனை பேரு சிரிச்சிருப்பாவ! ஒரு தடவையாவது மறுத்துப் பேசினதுண்டா? "எங்கப்பா இறந்தப்ப ராமேஸ்வரத்துல அஸ்தி கரைக்கப் போனாங்க. நான் போகல" என்றார் அவர். "அங்கதான் பாலம் இருக்கே சார், ரயிலே போகுதே." "பாலம் போட்டா கடல் இல்லைன்னு ஆயிருமா? பாபநாசத்துல போயி ஆத்துல முங்கி எந்திரிச்சு ஒத்தையில கும்பிட்டுட்டு வந்தேன்." ஐயோ. லீவு இல்லைன்னுல்லா சொன்னாவ. பெத்த அப்பனுக்கு வராத பிள்ளைன்னு அவிய அண்ணன் இன்னைக்கு வரைக்கும் முகம் கொடுத்துப் பேச மாட்டாரு. அவரை விடு, நான்? சண்டைன்னு வந்தா நான் முதல்ல எடுக்கது அதைத்தான. "அப்பன் அஸ்திக்கே வராத ஆளுதான நீங்க"ன்னு எத்தனை தடவை இந்த வாயால சொல்லியிருக்கேன்? சொன்ன போதெல்லாம் தட்டைப் பாத்துக்கிட்டு, சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டு இருந்தாவளே. ஒரு வார்த்தை, உன்னாலதானடி மூதின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?

"சார், நான் தப்பாச் சொன்னா மன்னிச்சிருங்க. அதெல்லாம் ஆன்ட்டி எப்பவோ மறந்திருப்பாங்க." "அவ மறந்திருப்பா. சத்தியம் மறக்குமா? அவ தலைல்லா அது." "சும்மா ஒரு பேச்சுக்கு, நீங்க தாண்டிட்டீங்கன்னு வைங்க. ஆன்ட்டி தலைக்கு நிஜமாவே என்னமும்..." பாதியிலேயே அவர் குரல் வந்தது, பதறி, உரக்க: "காட் ஃபர்பிட்!" திரை விலகவில்லை. ஆனாலும் அவர் கை நெஞ்சுக்குப் போயிருக்கும் என்று உலகம்மாளுக்குத் தெரிந்தது. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இப்போதுதான் அவளும் படித்திருந்தாள்.

அழணும்போல இருந்தது, அழுதாள், வெங்காயம் கேள்வி கேட்கவில்லை. ஆனால் அழுகைக்கு அடியில் இன்னொன்று குமுறிக்கொண்டு மேலே வந்தது. இவகிட்டச் சொல்லியிருக்காவளே! எங்கிட்டச் சொல்லல. அண்ணன்கிட்டச் சொல்லல, பெத்த மகன்கிட்டச் சொல்லல. எங்கிருந்தோ வந்த ஒரு நர்ஸுப் பிள்ளை ஒரு கேள்வி கேட்டுது, பொட்டியைத் தொறந்து கொட்டிட்டாவ. எந்தலை, எஞ்சத்தியம், எங்கதை, அதை முதல்ல கேட்டது அவ காது. இதுக்கு அவிய ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருந்தாக்கூட நான் இவ்வளவு எரிஞ்சிருக்க மாட்டேன். சீ, அப்பமும் எரிஞ்சிருப்பேன். ஆனா அது வேற எரிச்சல், வைக்கோலுக்கு வச்ச தீ மாதிரி பொசுக்குனு அணைஞ்சிரும். இது அடிவயித்துல கிடந்து புகையுது. அப்பம் அந்தச் சட்டை? அந்த அட்லஸ்? உலகம்மாளுக்கு மெல்ல மெல்ல வெளிச்சமானது. அந்த மூஞ்சி வெளிச்சம் அந்தப் பிள்ளைக்காக வந்ததில்ல. மாலத்தீவுன்னப்ப வந்த அதே வெளிச்சம் அது. அந்தப் பிள்ளை கடல் தாண்டப் போகுது, போற ஆளுகூட ஒரு மணி நேரம் உட்கார்ந்து எந்திரிச்சா தானும் கொஞ்ச தூரம் போயிட்டு வந்த மாதிரி இருக்கு அவியளுக்கு. போற ஆளை வழியனுப்பத்தான் தேச்ச சட்டை. ஆவுடையம்மா, உனக்கு ஒரு மண்ணும் தெரியாது. பொம்பளைன்னா மல்லுக்கு நிக்கலாம், முடியைப் பிடிச்சு இழுக்கலாம். கடலை என்ன செய்ய? இத்தனை வருசமா அது என் வீட்டுக்குள்ள, எம்பாயில, எனக்கும் அவியளுக்கும் நடுவுலதான் கிடந்திருக்கு, நான்தான் கொண்டாந்து போட்டிருக்கேன்.

நாற்காலி நகரும் சத்தம். பெனிட்டா காப்பி டம்ளரோடு திரையை விலக்கிக்கொண்டு வந்தது. தினமும் அதுவே கழுவி வைக்கும், அதிலும் ஒரு குற்றம் கண்டுபிடிக்க உலகம்மாளுக்கு முடியாததே ஒரு குற்றம். "ஆன்ட்டி, அழறீங்களா?" "வெங்காயம்" என்றாள். "தண்ணியில போட்டு உரிங்க ஆன்ட்டி, எரியாது." எனக்குத் தெரியாதோ? வெங்காயத்தைத் தண்ணியில போட்டா வடகம் ஊசிப் போவும்னு உனக்குத் தெரியாது, இங்கிலீஷ் படிச்சு என்ன செய்ய. காலையிலிருந்து நாக்கு நுனியில் வைத்திருந்த வாக்கியம் இருந்தது, நாளையிலருந்து வர வேண்டாம். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். அந்தப் பிள்ளையின் மணிக்கட்டில் வாட்ச் உள்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது, நாடி பார்க்கிற கை. விரல் நகமெல்லாம் கடித்துக் கடித்துக் குறைந்திருந்தது. பயந்துதான் கிடக்கு இதுவும். "பரீட்சைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்குல்லா" என்றாள் உலகம்மாள். "ஆமா ஆன்ட்டி, நினைச்சாலே கை நடுங்குது." "நடுங்கினா ஆச்சா? நேரத்தோட வந்து படி." சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே நம்ப முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு, "வர்றேன் சார், வர்றேன் ஆன்ட்டி" என்று தெருவில் இறங்கியது.

சொரிமுத்து சார் சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டே அடுக்களைப் பக்கம் வந்தார். "இன்னுமா முடியல? கண்ணெல்லாம் செவந்து கிடக்கே."

"இங்க வந்து உக்காருங்க."

உட்கார்ந்தார். உலகம்மாள் கையை முந்தானையில் துடைத்தாள், துடைத்தும் வெங்காய வாசனை போகவில்லை. அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்தாள். அவர் முகம் வெளிறிப்போனது.

"ஏ உலகு, என்ன செய்யுத? இப்பம் என்னத்தைக் கேக்கப் போற?"

"ஒண்ணும் கேக்கல. எடுங்க."

"எதை?"

"அன்னைக்கு வச்ச கையை. எடுத்திருங்க. சத்தியத்தை நான் திருப்பித் தந்துட்டேன்."

அவர் திரையைப் பார்த்தார், வெங்காயச் சட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். புரிந்துவிட்டது. கையை மட்டும் எடுக்கவில்லை. அது அவள் தலையில் கனமாக இருந்தது.

"எடுத்தா உனக்கு ஒண்ணும் ஆகாதே?" என்றார். சின்னப் பிள்ளை கேட்பதுபோலக் கேட்டார்.

அதுக்கு மேல் அவளால் முடியவில்லை. "அஸ்திக்கு வராத ஆளுன்னு நான் அத்தனை தடவை ஏசினனே, ஒரு தடவை எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று விம்மினாள்.

"சொல்ல வந்தேன். அன்னைக்குப் பால் பொங்கிட்டு" என்றார். குத்திக்காட்டவில்லை அவர், நடந்ததைத்தான் சொன்னார்.

அவள் மூக்கைச் சிந்தினாள். "பொங்கட்டும். இனிமே பொங்கினா பொங்கட்டும். ஞாயித்துக்கிழமை கன்னியாகுமரிக்குப் போறோம். நீங்க படகுல ஏறுதிய. நானும் பக்கத்துல இருக்கேன். என்னமும் ஆனா ரெண்டு பேருக்கும் சேந்தே ஆகட்டும். பிறகு ராமேஸ்வரம் போயி மாமாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்வோம். எடுங்க கையை."

மெல்ல எடுத்தார். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். அவள் தலையை ஒரு தடவை பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. அப்போது வந்தது அந்த வெளிச்சம். கண்ணிலிருந்து தொடங்கி முகம் முழுக்க, கல்யாணமான புதுசில் பார்த்த அதே வெளிச்சம். இந்தத் தடவை அது தன்னைப் பார்த்து வந்தது என்று உலகம்மாளுக்கு உச்சி குளிர்ந்தது.

"ஞாயித்துக்கிழமையா?" என்றார் சொரிமுத்து சார் சந்தோசமாக. "அன்னைக்கு பெனிட்டாவுக்கும் லீவுதான். பாவம், அதுவும் பாறையைப் பாத்ததே இல்லையாம்..."

உலகம்மாள் அவர் மடியில் கிடந்த கையை வெடுக்கென்று பிடித்து, மறுபடியும் தன் தலையில் வைத்து அழுத்தினாள்.

"அந்தப் பிள்ளை படகுல வரக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."